நாலு பழைய பிளக்

காதுக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் கார் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, எந்த சிலிண்டரில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மெக்கானிக். மீட்டர், கம்ப்யூட்டர் எதையும் தொடமாட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜினில் வைப்பார், பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். வண்டிக்குச் சொந்தக்காரர் மூச்சு விடாமல் பக்கத்தில் நிற்பார். சும்மா சொல்லக்கூடாது, பத்துக்கு ஒன்பது தடவை சரியாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட காது, வீட்டு வண்டி விஷயத்தில் மட்டும் பதினான்கு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது.

வீட்டு வண்டியை ஓட்டுகிறவள் அவர் மனைவி. தையல்காரி. முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, பேண்ட் நீளம் குறைப்பது, அறுந்த ஜிப் மாற்றுவது, இளைத்துப்போனவர்களுக்குச் சட்டையைப் பிடித்துத் தைப்பது, பெருத்துப்போனவர்களுக்குப் பிரித்துவிடுவது என்று வேலை. சனிக்கிழமையானால் மெஷினைச் சாய்த்து, சேர்ந்திருக்கும் பஞ்சை எடுத்து, எண்ணெய் விடாமல் படுக்கமாட்டாள். அவளுக்கு வாய்த்த கார் அப்படிப்பட்ட கவனிப்பைப் பார்த்ததே இல்லை. வாங்கும்போதே இரண்டு கை மாறி, ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது மூன்று லட்சத்தைத் தொடப்போகிறது. ஏற்றத்தில் திக்கும். சிக்னலில் நிறுத்தினால் குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்கும், கொஞ்சம் அசந்தால் அணைந்துவிடும்.

காய்கறி வாங்கப் போகிற வண்டியாக இருந்தால் அவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழரை மணிக்கு அவள் அப்பாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாகவேண்டும். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப்பக்கம். அங்கே இருப்பது ஒன்பது மெஷின், காத்திருப்பது நாற்பது பேர். அரைமணி தாமதமானால் கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கெஞ்சிப் பிரயோஜனமில்லை, அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அப்பா அவளிடம் இருப்பதே ஒரு சண்டைக்குப் பிறகுதான். நாலு மணி நேரப் பயண தூரத்தில் இன்னொரு ஊரில் இருக்கிற அக்காவின் வீட்டுக்கு எதிர்வாடையிலேயே பெரிய ஆஸ்பத்திரி. நடத்தியே கூட்டிப்போய்விடலாம். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது தெரிந்த அன்றே அக்கா பெட்டியைக் கட்டச் சொன்னாள். தையல்காரி அழுது, சண்டை போட்டு, ஒரு வாரம் ஃபோனை எடுக்காமல் இருந்துதான் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அக்கா கடைசியில் இறங்கி வந்தபோது ஒரு நிபந்தனையோடுதான் வந்தாள்.

"உன் வீட்டுக்காரர் மெக்கானிக், வண்டி நடுவழியில நிக்காதுன்னு நம்பித்தான் விடறேன். ஒரே ஒரு தடவ டயாலிசிஸ் தவறட்டும், அப்பா இங்க வந்துடுவார். அன்னைக்கு எங்கிட்ட ஒரு பேச்சுப் பேசக்கூடாது, ஆமா."

"தவறாதுக்கா," என்று இவளும் சொல்லிவிட்டாள்.

அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் கொடுக்கிற துணிகளில் பழைய தையலைப் பிரித்துக் கொடுப்பார். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாக அவர் பிரிக்கிற பொறுமை அவளுக்கே கிடையாது. பிரித்த நூலையெல்லாம் உருட்டி ஒரு டப்பாவில் போட்டுவைப்பார், எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். அந்த நாற்காலியில் அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்தான். புருஷன் இருக்கிறாரே என்றால், அவர் கடையில் இருந்தார்.

"என்னங்க, வண்டி இன்னைக்கும் ரெண்டு தடவ அணைஞ்சுபோச்சு."

"ட்யூன் பண்ணணும். பிளக் தேஞ்சிருக்கும். நாளைக்குப் பார்க்கறேன்."

நாளை வரும். கூடவே யாராவது ஒருவரின் வண்டியும் வந்துவிடும். காசு கொடுக்கிறவன் வண்டியைக் காக்க வைக்கலாமா? வீட்டு வண்டி எங்கே ஓடிவிடப்போகிறது? இந்த நியாயத்தைப் பதினான்கு மாதம் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. நடுவில் ஒரே ஒருநாள் பானெட்டைத் திறந்தார். திறந்து, ஒரு திருகைத் திருகி, வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை ஏற்றிவைத்தார். "ஐடிலிங்க ஏத்தி விட்டிருக்கேன். இனிமே சிக்னல்ல அணையாது," என்றார். அணையவில்லைதான். இரைச்சல் மட்டும் இரட்டிப்பானது, பெட்ரோல் தண்ணீராகப் போனது.

"பாப்பா, மிஸ் அடிக்குது. நாலு சிலிண்டர்ல மூணுதான் வேல செய்யுது," என்பார் அப்பா, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு.

"உங்க மாப்ளகிட்ட சொல்லுங்க."

"அவருக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன். வேல ஜாஸ்தி அவருக்கு. விடு."

ஒரு வெள்ளிக்கிழமை பாலத்து ஏற்றத்தில் வண்டி திக்கித் திக்கி நின்றேவிட்டது. மறுபடி உயிர் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டாக நான்கு நிமிஷம். நர்ஸ் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்திருந்தாள். அப்பாவைக் கட்டிலில் விட்டுவிட்டு, தையல்காரி வண்டியை நேராக மீட்டர்காரர் கடைக்கு விட்டாள்.

இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று தெரிய, மீட்டர்காரர் யார் என்று தெரியவேண்டும். அவரும் காதுக்காரரும் ஒரே கொட்டகையில் எட்டு வருஷம் கூட்டாகத் தொழில் செய்தவர்கள். ஒருநாள் மீட்டர்காரர் இன்ஜினைச் சோதிக்கிற மீட்டர் ஒன்றை வாங்கி வந்து, காதுக்காரர் சொன்னது சரியா என்று வைத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இருந்தும், "என் காத நம்பாதவன்கூட எனக்கென்ன தொழில்" என்று காதுக்காரர் கூட்டை முறித்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி மீட்டர்காரர் தனிக்கடை போட்டு ஆறு வருஷமாகிறது. இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், ஒருவர் செருப்பைப் பார்ப்பார்.

மீட்டர்காரர் அவளைப் பார்த்துத் திகைத்தார். சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலுக்குப் பொறி வைக்கிற பிளக் நான்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். நான்கும் கரி. நுனி கரைந்து, இடைவெளி விரல் நகம் நுழைகிற அளவுக்கு அகன்றிருந்தது. அவர் முகத்தில் கேலி இல்லை, அது அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. புது பிளக், புது வயர், காற்று வடிகட்டி எல்லாம் மாற்றி, மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"ஐடிலிங்க ரொம்ப ஏத்தி வெச்சிருக்கும்மா. பிளக் நல்லா இருந்தா இவ்வளவு வேணாம். சரியான அளவுக்கு எறக்கிட்டேன்."

"சரிங்கண்ணே."

"இந்தா, பழைய பிளக். கழட்டினத சொந்தக்காரங்க கையில குடுத்துடறது என் வழக்கம். நாளைக்கு யாரும் ஒரு பேச்சு சொல்லிடக்கூடாது பாரு."

காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததை அவள் டிக்கியில் போட்டுக்கொண்டாள்.

அன்று வீட்டுத் தெருவில் அவள் திரும்பியபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட வந்தவர் வாசலில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"யாரு தொட்டது வண்டிய?"

சொன்னாள்.

"என் மூஞ்சில கரியப் பூசிட்ட. நாளைக்கு எந்தக் கஸ்டமர் என்ன மதிப்பான்?"

"பதினாலு மாசமா உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கப்பாவுக்கு அது பத்தாது."

இரண்டு வாரம் வீட்டில் பேச்சில்லை. "உங்க வீட்டு வண்டிய அந்தக் கடையில பார்த்த மாதிரி இருந்துச்சே" என்று கடைக்கு வந்த ஒவ்வொருவரும் ஒன்றும் தெரியாதவர்கள் போலக் கேட்டுவிட்டுப் போனார்கள். வண்டிக் கண்ணாடியில் மீட்டர்காரர் ஒட்டியிருந்த தன் கடை ஸ்டிக்கரைக் காதுக்காரர் பிளேடால் சுரண்டி எடுத்தார். வண்டி மட்டும் யார் மானத்தைப் பற்றியும் கவலைப்படாமல் ஓடியது. பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. அப்பா ஜன்னல் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு, பஸ் ஓட்டிய காலத்துக் கதையெல்லாம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, அவள் ஒரு கோட்டுக்கு உள்துணி மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் பானெட் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். காதுக்காரர் குனிந்திருந்தார். கோபம் தணிந்துவிட்டது போல என்று நினைத்தாள், பாவம். டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"சும்மா, என்ன வேல பண்ணி வெச்சிருக்கான்னு பார்க்கறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் ஸ்டார்ட் செய்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் ஒரு டாக்சிக்காரர் வந்தார். காலையில் வெளியூர் சவாரி இருக்கிறதாம், கிளட்ச் வழுக்குகிறதாம். காதுக்காரர் பானெட்டை இறக்கிவிட்டு, அந்த டாக்சியிலேயே ஏறிக் கடைக்குப் போனவர் ராத்திரி வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் திங்கள்கிழமை. காலையில் ஸ்டார்ட் செய்தபோதே இழுத்தது. குளிர் என்று நினைத்தாள். முதல் சிக்னலில் நடுங்கி அணைந்தது, இரண்டாவதில் அணைந்தது. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், எதிரில் ஒரு லாரிக்காக வேகம் குறைத்தபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சாவியைத் திருகினாள். திருகிக்கொண்டே இருந்தாள். பெட்ரோல் வாடைதான் வந்தது. அப்புறம் பேட்டரியும் கைவிட்டது.

மணி ஏழு இருபது. டாக்சிக்குப் பதிவு செய்தாள், ஒருவர் வருகிறேன் என்று ஏற்றுக்கொண்டு ரத்து செய்தார், அடுத்தவரும் அப்படியே. பாலத்தின் மேல் ஒருவரும் நிறுத்தத் தயாரில்லை. புருஷனுக்கு ஃபோன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து தடவை அடித்தாள். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரனால் அவளைத் திட்டின.

"பதறாத பாப்பா. கொஞ்சம் லேட்டானா ஒண்ணும் ஆயிடாது," என்றார் அப்பா. அவர் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

அவளிடம் இருந்த இன்னொரு மெக்கானிக்கின் எண் ஒன்றே ஒன்று. மீட்டர்காரர் இருபத்தைந்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்தார். பானெட்டைத் திறந்து முதல் பிளக்கைக் கழற்றினார். கழற்றியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே?"

"இது நான் போட்ட பிளக் இல்லம்மா. நான் கழட்டிக் குடுத்தது."

அவளுக்குக் காது அடைத்துவிட்டது. அப்பா ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டார். மீட்டர்காரர் பையில் இருந்த புது பிளக் நான்கைப் போட்டு, நடந்து போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, வண்டியைப் பாலத்து உச்சிவரை தள்ளி, இறக்கத்தில் விட்டு ஸ்டார்ட் செய்துகொடுத்தார். கிளம்பும்போது, கழற்றிய நான்கையும் காகிதத்தில் சுற்றி வழக்கம்போல அவள் கையில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் எட்டு இருபத்தைந்து. அப்பாவின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார், குழாய் சொருகியாகிவிட்டது. அடுத்து காலியாவது செவ்வாய் சாயந்திரம் என்றார்கள். அழுதாள். நர்ஸும் பாவம், அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, தண்ணீர் அதிகம் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

மத்தியானம் காதுக்காரர் சாப்பிட வந்தார். தட்டுக்குப் பக்கத்தில் அவள் நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவன் பிளக்ல என் வீட்டு வண்டி ஓடணுமான்னு ஒரு இது. கழட்டிட்டேன். கடையிலேருந்து நல்லதா நாலு எடுத்துட்டு வந்து போடலாம்னுதான் நெனச்சேன். அதுவரைக்கும் வண்டி நகரணுமேன்னு டிக்கில இருந்த பழச மாட்டினேன். அதுக்குள்ள டாக்சிக்காரர் வந்துட்டார்."

"அப்புறம்?"

"நாளைக்குப் போட்டுக்கலாம்னு."

"வண்டி நின்னுபோச்சே."

"ஓட்டிப் பார்த்தேனே, காதுக்குத் தப்பாப் படல. ஐடிலிங்க அவன் எறக்கி வெச்சிருக்கான், அத நான் கவனிக்கல. பழைய பிளக்குக்கு அது தாங்காது."

"அஞ்சு தடவ ஃபோன் பண்ணினேன்."

"ஃபோன் சட்டப் பையில, சட்டைய ஆணியில மாட்டியிருந்தேன். டாக்சி இன்ஜின ஓடவிட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டிருந்தேன், அதுல மணி கேக்கல."

இந்த மனுஷனிடம் என்ன கேட்டு என்ன ஆகப்போகிறது? தட்டில் சோற்றைப் போட்டாள். அவர் சாப்பிடவில்லை. பிளக்குகளை எடுக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வரை அப்பாவின் உடம்பு காத்திருக்கவில்லை. காலை பதினோரு மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று வெள்ளிக்கிழமை வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பிழைத்தார். அக்கா புதன்கிழமையே வந்து இறங்கிவிட்டாள். கத்துவாள் என்று தையல்காரி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"நீ பார்த்துக்கலன்னு நான் சொல்லவே இல்லடி," என்றாள் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில். "உன்னமாதிரி நான் பார்த்துக்கமாட்டேன், அதுவும் தெரியும். ஆனா மெக்கானிக் வீட்டு வண்டி நடுப்பாலத்துல நிக்குதுன்னா, நான் எத நம்பி அப்பாவ விட்டுட்டுப் போறது, சொல்லு."

பிளக் கதையை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்பதற்காக அல்ல, சொன்னால் கேவலம் அவளுக்கும்தான் என்பதற்காக. அப்பாவிடம் போய் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போகமாட்டேன் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அவர் ரொம்ப நேரம் அவள் விரலில் இருந்த ஊசித் தழும்புகளையே தடவிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வரேன் பாப்பா. அங்கேன்னா நடந்தே போயிடலாம். உனக்கும் ஒவ்வொரு தடவையும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஓட்ட வேணாம். மாப்ளய ஒண்ணும் சொல்லாத."

அக்கா முன்னால் போய் அறையைத் தயார் செய்கிறேன் என்று ரயிலேறினாள். அப்பாவைக் காரில் கொண்டுவந்து விடுவதென்று முடிவானது. நாலு மணி நேரப் பயணம்.

சனிக்கிழமை காதுக்காரர் கடையைத் திறக்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக, கஸ்டமர் வண்டி மூன்று வாசலில் காத்திருக்க, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டு வண்டியை எடுத்தார். காலையில் ஆரம்பித்தவர் நிமிரவில்லை. பிளக்கின் இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்து பார்த்துப் போட்டார். எண்ணெய் மாற்றினார், பெட்ரோல் வடிகட்டி மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெல்ட்டைத் தட்டிப் பார்த்து அதையும் மாற்றினார். மத்தியானத்துக்கு மேல் எழுந்து இரண்டு தெரு தள்ளிப் போனார். திரும்பி வரும்போது கையில் மீட்டர்காரரின் மீட்டர் இருந்தது. என்ன பேசிக்கொண்டார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதை மாட்டி, முள்ளைப் பார்த்துப் பார்த்து ஐடிலிங்கைச் சரிசெய்தார். காதை ஒரு தடவைகூட இன்ஜின் பக்கம் கொண்டுபோகவில்லை.

தையல்காரி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் தைத்தாள். டீ கொண்டுபோகவில்லை. அவருடைய கை என்ன அழகாக வேலை செய்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது, அதுதான் வயிற்றை எரித்தது. ஒரே ஒரு பகல். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு பகல்தான்.

"நானும் வரேன்," என்றார் ஞாயிற்றுக்கிழமை காலையில், சாவியை நீட்டி.

"கடையப் பாருங்க."

அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் நூல் டப்பா. வண்டி சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்ட மறுநாள் ஓடுமே, அப்படி ஓடியது. பாலத்தில் ஏறும்போது ஒரு திக்கல் இல்லை. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பழக்கத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கப் போன காலை அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள். அணைந்துபோ என்று மனசுக்குள் சொன்னாள். வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டாள். ஸ்டியரிங்கில் வைத்த கைக்கு அதிர்வுகூடத் தெரியவில்லை. பச்சை விழுந்தது.

அப்புறம் பதினொரு சிக்னல், ஒரு ரயில்வே கேட், ஒரு மலைச்சரிவு. ஒவ்வொரு இடத்திலும் அவள் காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இப்பதான் பாப்பா வண்டி வண்டியா இருக்கு," என்றார் அப்பா. "மாப்ள கைன்னா கைதான்."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

நாலு மணி நேரம் ஆகும் என்றது மூன்றே முக்காலில் முடிந்துவிட்டது. அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். கட்டில் போட்டு, ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியும் போட்டிருந்தாள். அப்பா அதில் உட்கார்ந்து, எதிரில் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். தையல்காரி சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள்.

தெருமுனையில் வண்டியை ஓரம் கட்டினாள். இன்ஜினை நிறுத்தவில்லை. ஃபோன் அடித்தது.

"போய்ச் சேர்ந்துட்டீங்களா?" என்றார் காதுக்காரர்.

"ம்."

"வண்டி எப்படி இருந்துச்சு? எங்கயாவது நின்னுச்சா?"

பக்கத்து இருக்கையில் அப்பா உட்கார்ந்த பள்ளம் இன்னும் நிரம்பவில்லை. அவள் அதில் கையை வைத்தாள்.

"இல்ல," என்றாள். "எவ்வளவோ வேண்டிப் பார்த்தேன். எங்கயுமே நிக்கல."